அணைக்கக் கூடாத லேப்டாப்

அருணாதேவியைக் கையால் நாலு வரி எழுதச் சொன்னால் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் மதிலோரம் மேசை போட்டு மனு அடித்துத் தருகிற ஏழெட்டுப் பேரில் வேகமான விரல் அவளுடையதுதான்.

பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. பன்னிரண்டு வயதில் டவுனில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெருக்கி முடித்ததும் மெஷின்களைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்கிற விரல் ஒரு நாள் தட்டிப் பார்த்தது. மாஸ்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். நாலு வருடத்தில், ஃபீஸ் கட்டிப் படித்த பிள்ளைகளைவிட அவள் வேகம் ஜாஸ்தியாகிவிட்டது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அவள் படித்த படிப்பெல்லாம் விரல் நுனியில்தான் குடியிருந்தது.

பழைய இரும்பு டைப்ரைட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் பிழைத்தாள். காலையில் மேசை போட்டதும் சூடம் காட்டுவாள். அண்ணாமலையாரை நினைத்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து மெஷின் மேல் தூவுவாள். பிள்ளையார் சுழி அடித்த பிறகுதான் முதல் மனு. அந்த இரும்பு, பதினெட்டு வருடத்துத் திருநீற்றையும் தின்றுவிட்டு ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து அவளே துடைத்துவிடுவாள்.

பிறகு பக்கத்து மேசைகளுக்கெல்லாம் லேப்டாப் வந்துவிட்டது. போன வருடம் அருணாதேவியும் ஒன்று வாங்கினாள். அப்பளம் மாதிரி மெல்லிசு. சாவிகளுக்கு ஆழமே கிடையாது. தட்டினால் தட்டின மாதிரியே இருக்காது. மேசை மேல் விரலை வைத்துத் தாளம் போடுவது போல இருந்தது முதல் மாதம். பழகிக்கொண்டாள். திருநீறு தூவுவதை மட்டும் விடவில்லை. அதை விட வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றப் போகிறது?

எட்டாவது மாதம் ஆரம்பித்தது வினை. ஒரு பெரியவருக்குப் பென்ஷன் மனு அடித்துக்கொண்டிருந்தவள், ஊர்ப் பெயர் கேட்க அவர் பக்கம் திரும்பினாள். பதில் வாங்கிக்கொண்டு பார்த்தால், மனு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தது. கடைசி வரி போனது. அதற்கு மேல் வரி போனது. அழிக்கிற சாவி, யாரும் தொடாமல், தானே அழுந்திக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக மென்று விழுங்கியது. அருணாதேவி அந்தச் சாவியைத் தட்டினாள், ஊதினாள், நகத்தால் நெம்பினாள். பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, எம்பேரு இருந்துச்சே, எங்க போச்சு?" என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற அனந்திடம் தூக்கிக்கொண்டு போனாள். முப்பத்தைந்து வயதுக்காரர், ஜைனக் குடும்பம், பொழுது சாயும் முன் சாப்பிட்டு முடித்துவிடுகிறவர். சாவியை மெல்ல நெம்பி எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, சிமெண்ட் மூட்டை பக்கத்துல வெச்சிருந்தீங்களா?"

"திருநீறு தம்பி."

அனந்த் சிரிக்கவில்லை. சாவியை மேசை மேல் வைத்தார்.

"கழட்டித் துடைச்சி மாட்டிட முடியாதா? டைப்ரைட்டரை நானே துடைப்பேனே."

"அது டைப்ரைட்டர்க்கா. இதுல கீபோர்டை மேல் தகட்டோட சேத்து ஒட்டி வெச்சிருக்கான். நாப்பது இடத்துல உருக்கி ஒட்டினது, ஒரு ஸ்க்ரூ கூட கிடையாது. ஒரு சாவி போனாலும் மொத்தத் தகட்டையும் மாத்தணும். தகடு இங்க கிடைக்காது. மெட்ராஸ்ல சொல்லி வரணும், ரெண்டு வாரம் ஆவும்."

"ஒரு சாவிக்கா?"

"ஒரு சாவிக்குத்தான். கூரையில ஒரு ஓடு உடைஞ்சா வூட்டையே மாத்துன்றான். கம்பெனில கேட்டா, தூசு போனது உங்க தப்புன்றான்."

வீடு என்றதும் அவளுக்குப் பகீர் என்றது. வீட்டு விஷயமாகத்தான் அவளுக்கு லேப்டாப் உடனே வேண்டியிருந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு சின்னத் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். அதில் கடைசி வீடு அருணாதேவியுடையது. இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். கணவர் சக்திவேல் பெங்களூருக்குப் பூ லோடு ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். அந்தத் தெரு முழுக்க ஏரிப் புறம்போக்கில் வருகிறது என்று அந்த வாரம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளைக்குள், ஒவ்வொரு வீட்டுக்கும் வரி ரசீது எண், கரண்ட் எண், குடியிருக்கும் வருடம் எல்லாம் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்படும்.

தெருவில் யாரும் அலறவில்லை. "நம்ம அருணா இருக்குறா, அடிச்சிக் குடுத்துடுவா" என்று ராணியம்மாள் சொல்லிவிட்டாள். பொரிகடலைக் கடை வைத்திருக்கும் ராணியம்மாள் சொன்னால் தெருவே சொன்ன மாதிரி.

அருணாதேவி இதைச் சொல்லி முடித்ததும் அனந்த் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டார். பிறகு, "ஒரு வழி இருக்குது. ஆனா ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். அடிப்பக்க மூடியைக் கழற்றி, கீபோர்டிலிருந்து வருகிற ரிப்பன் மாதிரியான ஒயரை உருவிவிட்டார். அழிக்கிற சாவி அடங்கியது. தனியாக ஒரு கீபோர்டைச் செருகிக் கொடுத்தார்.

"இதுல அடிச்சிக்கங்க. ஆனா ஒண்ணு. ஆன் பண்ற பட்டனையும் அந்தக் கீபோர்டுலயே வெச்சிருக்கான் புண்ணியவான். ரிப்பனை உருவினதால அந்தப் பட்டனும் செத்துப்போச்சு. இப்ப ஓடினு இருக்குது. அணைஞ்சிதுன்னா அப்புறம் உங்களால ஏத்த முடியாது. வேலை இல்லாதப்ப மூடி வைங்க, தூங்கும். தொறந்து ஒரு தட்டு தட்டினா முழிச்சிக்கும். தகடு வர்ற வரைக்கும் அணைய வுடாதீங்க."

அன்றிலிருந்து அவள் பாடு, கைக்குழந்தைக்காரி பாடு ஆகிவிட்டது. மலை மேல் ஏற்றுகிற தீபத்துக்காவது நெய் ஊற்ற ஆட்கள் இருக்கிறார்கள். இதற்கு அவள் ஒருத்திதான். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். வந்ததும் மேசைக்குப் பக்கத்திலிருக்கிற கீதாஞ்சலியின் ஜெராக்ஸ் கடையில் சார்ஜ் போடுவாள். பக்கத்து மேசை மூர்த்தி தினமும் கேட்பார்: "இன்னாம்மா, தீபம் அணையாம எரியுதா?"

"உங்க வாயை வெக்காதீங்கண்ணா."

திருநீற்றை மட்டும் இப்போது மேசைக்கால் ஓரம் தூவினாள். அப்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி இருக்கும். சாமிக்குக் கொடுத்ததை எடுத்துக்கொண்ட மாதிரி.

எட்டு நாளில் முப்பத்திரண்டு வீட்டு ரசீதையும் வாங்கிப் பார்த்து அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி வரியாகத் தன் வீட்டைச் சேர்த்தாள். ஊருக்கு அடித்த பிறகுதானே நமக்கு. ரசீதுகளைத் தொலைத்துவிடக் கூடாது என்று அன்றைக்கே வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்து, தனித் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமைதான் கடைசி நாள். காலையில் கீதாஞ்சலி கடை திறந்ததும் பிரிண்ட் எடுத்து, பத்து மணிக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். கடை திறக்க ஒன்பதரை ஆகும். அதற்குள் சாமியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள்.

இதுதான் அவள் செய்த தப்பு. தப்பென்று சொல்லவும் நாக்கு வரவில்லை.

கோயிலுக்குள் லேப்டாப் கொண்டுபோகக் கூடாது. கோபுரத்துக்கு வெளியே பை வைக்கிற இடத்தில், மூடியை இறக்கித் தூங்க வைத்து, துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டு டோக்கன் வாங்கிக்கொண்டாள். தூங்குகிற பிள்ளைக்குச் சோறு எதற்கு என்பது அவள் கணக்கு. பேட்டரி நிறைய இருந்ததை ஆறு மணிக்குப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

சோமவாரக் கூட்டம். வெளியூர் பஸ்கள் வேறு. கம்பிக்குள் நுழைந்த பிறகு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நடுவில் அபிஷேகம் என்று நிறுத்திவிட்டார்கள். சந்நிதியில் அரை நிமிடம் கிடைத்தது. "முப்பத்திரண்டு வூடு அப்பா" என்று மட்டும் சொன்னாள். வெளியே வரும்போது பதினொன்று ஆகியிருந்தது.

பையை வாங்கினாள். வெதுவெதுவென்று இருந்தது. சாமி தொட்டு அனுப்பிய சூடு மாதிரி அவளுக்கு இருந்தது. ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மடியில் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அது காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. துண்டுக்குள் சரியாகத் தூங்காமல் ஐந்து மணி நேரம் கொதித்துக் கொதித்து, இருந்த பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டது.

கீதாஞ்சலி கடையில் திறந்து ஒரு தட்டு தட்டினாள். கறுப்பு. இரண்டு தட்டு. கறுப்பு. சார்ஜர் போட்டதும் ஓரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் வந்தது. முகம் வரவில்லை.

"அக்கா, பென் டிரைவ்ல போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று கீதாஞ்சலி கேட்டாள்.

"அதெல்லாம் நீதானேம்மா போடுவே. எனக்கு அடிக்கத்தானே தெரியும்."

அனந்துக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினாள். ஷட்டர் மூடியிருந்தது. ஒரு தாள் ஒட்டியிருந்தது: மேல்சித்தாமூர் ஜைனர் கோயில் தேர், நாளை கடை உண்டு. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேர் இழுக்கப் போன மனிதரைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. அவரும் சாமியைப் பார்க்கத்தான் போயிருக்கிறார்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினாள். ஒருவர், "இந்த மாடலா, வுட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். இன்னொருவரிடம், உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று கெஞ்சினாள். "முன்னல்லாம் டிஸ்க்கைக் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டலாம்மா. இதுல அதையும் போர்டோட வெச்சி ஒட்டிட்டான். எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டி வெச்சா, ஒண்ணு போனா எல்லாம் போச்சு" என்றார். தெருக்காரர்களுக்கு இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள்.

சொல்லாமல் முடியவில்லை. ராணியம்மாளுக்குப் போன் பண்ணினாள். நடந்ததைச் சொன்னாள்.

"மறுபடியும் ரசீதை வாங்கினு வரட்டா?" என்றாள் ராணியம்மாள்.

"வாங்கினு வாங்கக்கா."

இரண்டரை மணிக்கு ஒரு மஞ்சள் பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ராணியம்மாள். பதினெட்டு வீட்டு ரசீதுதான் இருந்தது. மற்ற வீடுகள் பூட்டு. சிலர் செங்கல் சூளைக்கு, சிலர் கரும்பு வெட்ட, ஒன்றிரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு. போன் போட்டால் பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களும், சாவி என்கிட்ட இருக்குது, பொழுது சாய்ஞ்சாதான் வருவேன் என்றார்கள்.

மூர்த்தி தன் மேசையை விட்டு எழுந்து வந்தார். தினமும் அடித்த கிண்டலை மறந்துவிட்டார். "கிடைச்ச பதினெட்டை நான் அடிச்சித் தர்றேன்மா. ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது ஆவட்டும்."

"மீதிப் பதினாலு?"

மூர்த்தி பையிலிருந்த ரசீதுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

அருணாதேவி அந்தப் பதினாலு வீட்டையும் மனசுக்குள் எண்ணினாள். பேறுகாலத்துக்கு வந்திருக்கிற ஓவியா வீடு. கால் எடுத்த தச்சர் வீடு. ஒவ்வொரு வரியையும் அவள் விரல் அடித்திருக்கிறது, ஆனால் ஒரு எண்கூட நினைவில் இல்லை. தலையில் ஏறாமல் கண்ணிலிருந்து விரலுக்கே போய்விட்ட எண்கள். சேர்க்காத வீட்டை இடிக்கச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். "அண்ணாமலையாரே, பாக்கத்தானே வந்தேன் உன்னை" என்று முணுமுணுத்தாள். கோபமில்லை. என்ன சொல்வதென்றே தெரியாததால் சொன்னது.

நாலரைக்கு அனந்த் கூப்பிட்டார். பின்னால் நாகஸ்வரமும் கூட்டமும்.

"அக்கா, இப்பத்தான் போனைப் பாத்தேன். இருபது மிஸ்டு கால். அணைஞ்சிடுச்சா?"

"அணைஞ்சிடுச்சி தம்பி."

"அழாதீங்க. உங்களாலயே முடியும். சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்குதா பாருங்க."

பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கீதாஞ்சலி ஒன்று வாங்கி வந்தாள். பத்து ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் கடுகு. இரும்பு மெஷினைக் கழற்றி மாட்டிய கை, ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தது. மூடி வந்ததும் அனந்த் போனிலேயே வழி சொன்னார். உருவிவிட்ட ரிப்பனைப் பழைய வாயில் செருக வேண்டும். அப்போதுதான் ஆன் பட்டனுக்கு உயிர் வரும். அந்த வாயின் பூட்டு அரிசி மணி அளவு. அதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் படிந்திருந்தது. அருணாதேவி அதைப் பார்த்தாள், ஊதிவிடத் தோன்றவில்லை.

செருகினாள். லேப்டாப்பைக் கூடாரம் போல நிறுத்திப் பட்டனை அழுத்தினாள். முகம் வந்தது. ராணியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வந்துடுச்சி தம்பி."

"இப்ப ரிப்பனை மெதுவா உருவுங்க. இல்லன்னா அந்தச் சாவி அழிக்க ஆரம்பிச்சிடும்."

பூட்டை நகத்தால் தள்ளிப் பார்த்தாள். நகரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினாள். ஏதோ நறுக்கென்றது.

"வேணாம், வேணாம், வுட்டுடுங்க. பிச்சினு வந்தா அவ்ளோதான். அப்படியே ஃபைலைத் தொறந்து பிரிண்டைக் குடுத்துடுங்க. நடுவுல எங்கயும் நிக்காதீங்க."

மணி ஐந்து ஐந்து. ஆபீஸில் ஐந்தே முக்கால் வரைதான் வாங்குவார்கள். அருணாதேவி மவுஸைப் பிடித்து ஃபைலைத் திறந்தாள். அது எப்போதும் விட்ட இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஞாயிற்றுக்கிழமை விட்ட இடம், பட்டியலின் கடைசி வரி. அவள் வீடு.

அழிக்கிற சாவி பசியோடு காத்திருந்த மாதிரி ஆரம்பித்தது. கரண்ட் எண் போனது. ரசீது எண் போனது. "அக்கா, போவுது, போவுது" என்றாள் கீதாஞ்சலி. அருணாதேவி, சக்திவேல், கதவு எண் முப்பத்திரண்டு, எல்லாம் வலமிருந்து இடமாகக் கரைந்து வரியே இல்லாமல் போனது. அடுத்த வரிக்கு ஏறியது. ராணியம்மாள் கரண்ட் எண். மவுஸ் அம்பு பிரிண்ட் படத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. அழுத்தினாள். வேறெதுவோ திறந்தது. மூடினாள். ராணியம்மாள் பெயரில் பாதி போயிருந்தது. மறுபடி அழுத்தினாள்.

பிரிண்டர் ஒரு தரம் இருமியது. முதல் தாளை இழுத்தது.

நாலு தாள் சூடாக வந்து விழுந்தன. ஒன்று முதல் முப்பது வரை சுத்தமாக இருந்தது. முப்பத்தொன்றாவது வரியில் "ராணிய" என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை.

"திரும்ப ஒருக்கா அடிச்சிக் குடுங்கக்கா" என்றாள் கீதாஞ்சலி. ஆனால் திரையில் அந்தச் சாவி அதற்குள் இருபத்தைந்தில் இருந்தது. மூடித் திறந்தாலும், எதை அடித்தாலும், தின்னும்.

மூர்த்தி பேனாவைத் திறந்தார். "குடும்மா, நான் எழுதறேன்."

அருணாதேவி பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை அவரிடம் தரவில்லை. மேசை மேல் தாளை வைத்து, ராணியம்மாளின் ரசீதைப் பார்த்துப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள். எழுத்து மேலே ஏறியது, கீழே இறங்கியது. ஒரு எண்ணை அடித்துத் திருத்தினாள். பிறகு முப்பத்திரண்டு என்று போட்டாள். தன் வீட்டு எண்களுக்கு ரசீது தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவளே வரிசையில் நின்று கட்டியது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அத்தனை எழுத்தை அவள் ஒரே மூச்சில் கையால் எழுதியது அன்றைக்குத்தான்.

கையெழுத்துத் தாளைச் சேர்த்துக்கொண்டு ஓடினார்கள். ஐந்து நாற்பதுக்கு ஜன்னல் முன் நின்றார்கள். உள்ளே இருந்தவர் தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, எல்லாம் டைப்பு, கடைசி ரெண்டு மட்டும் கையில?"

"மெஷின் ரிப்பேர் சார்."

"இப்படிக் கொணாந்தா எப்படி? யார் எழுதினது இதை?"

"நான்தாங்க சார்."

அவர் அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். படிக்க நேரம் பிடித்தது. பின்னால் ராணியம்மாள் தன் ரசீதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நம்பர் சரிதானே?"

"சரிங்க சார்."

முத்திரை விழுந்தது. நகலில் ஒரு எண் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி நடக்கும்போது, "அப்ப வூடு இருக்குமா?" என்று ராணியம்மாள் கேட்டாள்.

"தெரியாதுக்கா. நம்ம சொன்னதை வாங்கிக்கினாங்க. அவ்ளோதான்."

ஜெராக்ஸ் கடையில் லேப்டாப் இன்னும் கூடாரம் போலவே நின்றுகொண்டிருந்தது. திரை முழுக்க வெள்ளை. முப்பத்திரண்டு வீடும் போய், கலெக்டர் அவர்களுக்கு என்கிற வரியும் போய், பிள்ளையார் சுழியும் போய், காலிப் பக்கத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. அந்தச் சாவி இன்னும் அழுந்தியபடி இருந்தது.

அருணாதேவி முத்திரைத் தாளை நாலாக மடித்துத் திருநீற்றுச் சம்புடத்தோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கீதாஞ்சலியிடம், "இதைக் கொஞ்சம் அணைச்சிடும்மா" என்றாள்.